அந்த மெட்டுக்கு வைத்திருக்க வேண்டிய பெயர்

வரிசையாகச் சொல்கிறேன் அம்மா, பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் தமிழ் முகமாக வந்து மாட்டிக்கொண்டாய், நடுவில் புகாமல் கேள். வரிசை கலைந்தால் நியாயம் கலைந்துவிடும். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களுக்காக நான் எழுதிய துண்டறிக்கை எதை வேண்டுமானாலும் எடுத்துப் பார், முதலாவது, இரண்டாவது என்றுதான் போகும். ஒரு தாசில்தாரே, "உங்க நோட்டீஸைப் படிச்சா கோபம் வருது, ஆனா குழப்பம் வரல" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

முதலாவது, என் மகளின் பெயர். கனல்மொழி என்று வைத்தேன். மேடை போட்டு, தோழர்கள் முன்னிலையில் வைத்தேன். இந்த ஊரில் அவளைக் 'கனால்' என்கிறார்கள். கனால் என்றால் இங்கிலீஷில் கால்வாய். நான் நெருப்பை வைத்தேன், இவர்கள் அதில் தண்ணீரை விட்டுவிட்டார்கள். எவன் ஆரம்பித்தது என்று விசாரித்தேன். அவளேதானாம். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு, வாய்க்கு வராமல் திணறியவர்களிடம், "கனால்னு நினைச்சுக்கங்க, போதும்" என்றாளாம். எதிரி வெளியே இல்லை, பார்த்தாயா.

இரண்டாவது, படிப்பு. சட்டம் படி என்றேன். கடற்பாசி படித்தாள். டாக்டர் பட்டம் வாங்கி, இந்த அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு பல்கலைக்கழகத்தில் பாசியைப் பற்றி வகுப்பு எடுக்கிறாள். பாசி சங்கம் வைக்குமா, பாசி கூலி கேட்குமா என்று போனில் கேட்டேன். "எவ்வளவு அலை அடிச்சாலும் பிடிச்ச பாறையை விடாதுப்பா. உங்க சங்கம் மாதிரி மூணா உடையாது" என்றாள். இரண்டாகத்தான் உடைந்தது. மூன்றாவது அணி பிறகு எங்களிடமே திரும்பி வந்துவிட்டது.

மூன்றாவது, இசைக்குழு. நான் வந்து இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம், "வாங்கப்பா, எங்க குழு வாசிக்கிறதைக் கேக்கலாம்" என்று கூட்டிப்போனாள். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவளின் குழு, அரங்கம் இருக்கும், முன்வரிசை நாற்காலி இருக்கும் என்று துண்டைச் சரிசெய்துகொண்டு போகிறேன். போய் நின்றால் மதுக்கடை. நம்மூர்க் கடையை நினைக்காதே, இங்கே பிள்ளைகுட்டிகளோடு வருகிறார்கள், நான் டீதான் குடித்தேன். ஆனாலும் மதுக்கடைதானே. மூலையில் ஒரு வட்ட மேசை. ஃபிடில், புல்லாங்குழல், உள்ளங்கை அகல ஆர்மோனியம் மாதிரி ஒன்று, கிடார். அவர்களோடு என் மகள், மடியில் கொட்டு. மேடை இல்லை, மைக் இல்லை. கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்து வாசிக்கிறார்கள். "தலைவர் யாரு?" என்றேன். "அப்படி யாரும் இல்லப்பா." "செயலாளர்?" "இல்ல." "அப்ப யார் முடிவு பண்றது?" "ஆரம்பிக்கிறவங்க ஆரம்பிப்பாங்க, தெரிஞ்சவங்க சேர்ந்துக்குவாங்க." ஓர் அமைப்பு விதிகூட இல்லாமல் பதினோரு வருஷமாக நடக்கிறதாம். நடக்கிறது என்று அவர்கள் சொல்கிறார்கள்.

நான்காவது, அந்தக் கொட்டு. இங்கே அதைப் பௌரான் என்பார்கள். வட்டச் சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் ஆட்டுத்தோல் இழுத்துக் கட்டியது, நம்ம பறைக்குச் சித்தி மகள் என்று வைத்துக்கொள். சின்னக் கட்டையால் அடிப்பாள். வட்டத்தில் அவளுக்குக் கடைசி இடம், கழிப்பறைக் கதவை ஒட்டி. எந்த மெட்டையும் அவள் தொடங்கக் கூடாது. மற்றவர்கள் தொடங்கினால் பின்னாலேயே போகலாம். இன்னொரு கொட்டுக்காரர் வந்துவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து அடிப்பது மரியாதை இல்லையாம், ஒருவர் கையைக் கட்டிக்கொள்ள வேண்டுமாம். கேலி வேறு. "கனால் தாளம் தப்பாம அடிச்ச அன்னைக்குத்தான் இந்த ஊர்ல வெயில் அடிச்சுது, ரெண்டையும் நாங்க மறக்கல" என்று புல்லாங்குழல்காரன் சொல்கிறான், அவளே எனக்கு மொழிபெயர்க்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவளும் சிரிக்கிறாள். தோல் வாத்தியம் என்றால் உலகம் பூராவும் ஒரே நியாயம்தான் போலிருக்கிறது. தோலைத் தொடுகிறவனுக்கு ஓரம், தந்தியைத் தொடுகிறவனுக்கு நடு. இதை எதிர்த்துத்தானே அம்மா நாங்கள் நாற்பது வருஷம் கத்தினோம்.

அந்தப் புல்லாங்குழல்காரன் பெயர் கீரன். அவன் யார் தெரியுமா, இவள் வேலை பார்க்கும் துறைக்குத் தலைவன். வாரத்தில் ஐந்து நாள் அவன் கீழ் பாடம் நடத்துவது, ஆறாவது நாள் அவன் குழலுக்குக் கொட்டு அடிப்பது. முதலாளி ஓய்வு நாளையும் விடவில்லை என்றேன். "எப்பா, குழுவுக்கு அவரைக் கூட்டிட்டு வந்ததே நான்தான். அவர் முன்னாடி ரொம்பத் தனியா இருந்தாரு" என்கிறாள். முதலாளியின் தனிமைக்கு வருத்தப்படும் தொழிலாளியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஐந்தாவது, என் பேச்சு. மூன்றாவது ஞாயிறு என்று நினைக்கிறேன். அங்கே ஒரு பழக்கம், விருந்தாளியைப் பாடச் சொல்வார்கள். யாராவது பாட ஆரம்பித்தால் கடை மொத்தமும் வாயை மூடிவிடும், கண்ணாடிக் குவளைகூட நகராது. அந்த ஒழுங்கை நான் மெச்சுகிறேன். என்னிடம் வந்தபோது, எனக்குப் பாட்டு வராது, பேச்சு வரும் என்றேன். எழுந்து பேசினேன். தமிழில்தான். இங்கிலீஷ் எனக்குப் படிக்க வரும், எழுத வரும், இவர்கள் பேசினால் காதில் நிற்காது. உலகச் சந்தையில் உப்பின் விலையில் தொடங்கி, தோல் வாத்தியக்காரர்களை ஓரத்தில் வைக்கும் கொடுமைக்கு வந்துசேரும்படி அமைத்திருந்தேன். கடை அப்படியே உறைந்துவிட்டது. உப்பின் விலையை முடித்து நான் மூச்சு வாங்கியபோது, முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டிவிட்டார்கள். உடனே ஃபிடில் கிளம்பிவிட்டது. கனல் மொழிபெயர்த்தாள். இருபது நிமிஷப் பேச்சு. "எங்கப்பா உங்க எல்லாரையும் பாத்ததில சந்தோஷப்படறாரு" என்றாள். அவ்வளவுதான்.

இந்த ஐந்தையும் நான் பொறுத்துக்கொண்டேன். ஆறாவதுக்காகத்தான் விசா முடியும் முன்னாலேயே இந்த பஸ்ஸில் ஏறி விமான நிலையம் போகிறேன்.

இதைச் சொல்வதற்கு முன்னால், என்னைப் பற்றி ஒன்று தெரிந்துகொள். பெருமைக்காக இல்லை. உப்பளத்தில் வேலை பார்த்தால் கண் போய்விடும், தெரியுமா? வெள்ளை உப்பில் வெயில் பட்டு எதிரொளித்து, நாற்பது வயதில் பார்வை மங்கும். நர்ஸ்தானே நீ, உனக்குத் தெரிந்திருக்கும். கறுப்புக் கண்ணாடி, குடிக்க நல்ல தண்ணீர், நிற்க ஒரு நிழல். இந்த மூன்றுக்கும் நாங்கள் ஊர்வலம் போனோம். கண்ணாடியும் தண்ணீரும் கிடைத்தன. நிழலுக்கு இன்னும் மனு கிடக்கிறது. முன்னால் பறை, பின்னால் நான், எனக்குப் பின்னால் ஜனம். இந்த ஆத்திமுத்து வருகிறான் என்றால் அளத்து முதலாளி ஜீப்பைத் திருப்புவான். இன்றைக்கு அந்தச் சங்க அலுவலகம் செல்போன் கடை. துண்டறிக்கைகளைக் கறையான் படித்துவிட்டது. என் பெயர் சொல்ல ஒரு கல் இல்லை, ஒரு தெரு இல்லை. கொடிக்கம்பத்தின் அடியில் செதுக்கியிருந்தார்கள், ரோட்டை அகலப்படுத்தினபோது அதுவும் போயிற்று. இந்த ஊரில் நான் யார் தெரியுமா? கனாலின் அப்பா. கால்வாயின் தகப்பன்.

இப்போது ஆறாவது.

அந்தக் குழுவில் ஃபிடில் வாசிப்பது நோரா என்று ஓர் அம்மாள். எழுபது தாண்டியிருக்கும். பள்ளிக்கூடத்தில் சமையல் பார்த்து ஓய்வு பெற்றவர். தலைவர் இல்லை என்று சொன்னாலும் அவர் புருவத்தைத் தூக்கினால்தான் மெட்டு மாறும். அதை நான் முதல் நாளே கவனித்துவிட்டேன். ஒரு ஞாயிறு, வாசித்து முடித்ததும் கனலிடம் கேட்டேன்: "நல்லா இருக்கே, இது என்ன பாட்டு?" அவள் நோராவிடம் கேட்டாள். "பாட் குயினின் ஈரக் குடை" என்றார் அந்த அம்மாள். குடைக்கும் மெட்டுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இல்லையாம். இந்த மெட்டுகளுக்குப் பாதிக்கு மேல் பெயரே கிடையாதாம். பெயர் தெரியாவிட்டால், யாரிடமிருந்து வாங்கினோமோ அவர் பெயரைச் சொல்வார்களாம். பாட் குயின் என்ற ஒருத்தர் மழையில் வந்து இதை நோராவுக்கு வாசித்துக் காட்டினாராம். அந்த ஆள் செத்து முப்பது வருஷம். இன்றைக்கும் யார் கேட்டாலும் அவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். "கொடுத்தவர் பேரைச் சொல்லாம வாசிச்சா அது திருட்டு" என்றார் நோரா.

எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இவ்வளவு நாளில் அந்த வட்டத்தில் நான் கேட்ட முதல் கொள்கை அது.

பிறகுதான் கனல் சொன்னாள். குழு ஓர் இசைத்தட்டு போடுகிறதாம். அதில் கடைசி மெட்டு அவளுடையது. கொட்டுக்காரி தொடங்கும் மெட்டு, அதுவரைக்கும் அந்தக் குழுவில் நடக்காத காரியம். மேசையிலேயே அடித்துக் காட்டினாள். இரண்டு சுற்று அடித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நம்ம ஊர்வல அடி, அம்மா. உப்பளத்து ஊர்வலத்தின் அதே அடி. இந்த நாட்டு ஆட்டத்துக்கும் ஆறு ஆறாக வரும் கணக்குத்தானாம். அது அப்படியே போய் இதில் உட்கார்ந்துவிட்டது. அதன் மேல் நோரா ஃபிடிலில் ஒரு மெட்டைக் கட்டியிருக்கிறார்.

"பேர் என்ன வச்சிருக்கே?" என்றேன்.

"இன்னும் வைக்கல. யார்கிட்ட வாங்கினதோ அவங்க பேர்தான வைக்கணும்."

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த அடி எங்கே பிறந்தது? ஊர்வலத்தில். ஊர்வலத்தை நடத்தியது யார்? இதற்கு மேல் ஒரு வாக்கியம் தேவையா?

அதற்கு முந்தின வாரம்தான் அவளோடு சண்டை போட்டிருந்தேன். இசைத்தட்டு வெளியிடும் அதே சனிக்கிழமை நார்வேயில் பாசி மாநாடு. உலகத்துப் பாசி அறிஞர்கள் எல்லோரும் வருகிறார்கள், இவளை முக்கால் மணி நேரம் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று எழுதிவிட்டாள். சோறு போடும் வேலையை விட்டுக் கொட்டடிக்கப் போகிறாயா என்று கேட்டேன். "நீங்க உப்பளத்துல வேலைக்குப் போன நாள் எத்தனை, ஊர்வலம் போன நாள் எத்தனை?" என்று கேட்டாள். மெட்டுக்குப் பெயர் வைக்கப் போகும் செய்தி தெரிந்தபிறகு நானே அவளிடம் போய், நார்வேக்குப் போகாததுதான் சரி என்று எடுத்துச் சொன்னேன். நிலைமை மாறினால் நிலைப்பாடு மாற வேண்டும். அது தெரியாதவன் இயக்கம் நடத்த முடியாது. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"எப்பா, அந்த மெட்டுக்கு உங்க பேரை வைப்பேன்னு நினைக்கிறீங்களா?"

"நான் எதையும் நினைக்கல. நியாயம் என்னவோ அதைச் செய்."

"நான் அந்த அடியைக் கொட்டு அடிக்கிறவர்கிட்டதான கத்துக்கிட்டேன்."

உண்மைதான். எங்கள் ஊர்வலத்துக்குப் பறை அடிக்க ஒருத்தர் வருவார். கூட்டம் நடக்கும்போது இவள் சின்னப் பிள்ளை, என் பேச்சு நீளும், இவளுக்குத் தூக்கம் வரும். வெளியே அவர் பனை ஓலையைக் கொளுத்தித் தோலைக் காய வைத்துக்கொண்டிருப்பார். இவள் போய் அந்த நெருப்பருகே உட்கார்ந்துகொள்வாள். அப்படிக் கற்றுக்கொண்டதுதான். இப்போதும் பார், இந்த ஊர்க் குளிரில் மற்ற கொட்டுக்காரர்கள் தோல் விறைத்துவிட்டது என்று தண்ணீர் தடவுகிறார்கள், இவள் கணப்பு அடுப்பு முன்னால் போய்த் தோலைக் காட்டிக்கொண்டு நிற்பாள். முதலில் சிரித்தார்களாம். இப்போது வாசிக்கும் முன் நோராவே கணப்புக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுக்கிறார். சரி, கற்றுக்கொடுத்தது அவர். ஆனால் அவரை அங்கே அழைத்து வந்தது யார்? இவளை அங்கே விட்டுவிட்டுப் போனது யார்? நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்திருந்தால் இவள் எப்படிக் கற்றிருப்பாள்? இதை அவளிடம் பொறுமையாகத்தான் சொன்னேன்.

அடுப்படியில் நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்கிறாள்: "அவரை எங்க உக்கார வச்சீங்க?"

"ஊர்வலத்துக்கு முன்னாலதானம்மா. அவருக்குப் பின்னாலதான் நானே."

"ஊர்வலம் முடிஞ்சு கூட்டம் நடக்கும்போது?"

"வெளியில. தோல் காயணுமே."

"மேடையில ஒரு நாள்?"

"மேடையில கொட்டுக்கு என்ன வேலை? மேடை பேசறதுக்கு."

"நோட்டீஸ்ல அவர் பேரைப் போட்டீங்களா?"

"கலை நிகழ்ச்சி உண்டுன்னு எல்லா நோட்டீஸ்லயும் போட்டிருக்கேன். கடைசி வரி. தடிச்ச எழுத்து."

துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தாள். "அவர் செத்த அன்னைக்கு இங்கேருந்து போன் பண்ணி உங்களைப் போகச் சொன்னேன். போனீங்களா?"

அன்றைக்கு மாவட்ட மாநாடு, அம்மா. மாநாட்டை விட்டுவிட்டு வர முடியுமா? ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. இரங்கல் தீர்மானத்தில் சேர்க்கச் சொன்னேன். மறைந்த கலைஞர்கள் அனைவருக்கும் என்று சேர்த்தார்கள். ஒரு நிமிஷம் எழுந்து நின்றோம். இதையும் சொன்னேன். அவள் தட்டை அடுக்கில் வைத்தாள்.

"பேரை முடிவு பண்ணிட்டேன். சனிக்கிழமை வந்து கேளுங்க."

மகள் அப்பாவிடம் பெயரை மறைத்து, நேரில் வந்து கேள் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? நீயே சொல். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆனாலும் எதையும் எதிரியின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடக் கூடாது. ஒரு துண்டறிக்கை எழுதினேன். இங்கிலீஷில். 'மெட்டுக்குப் பெயரிடுவதில் ஜனநாயகம் வேண்டும்' என்று தலைப்பு. அடி என்பது தனி மனிதனின் கையில் பிறப்பதில்லை, வரலாற்று நிலைமைகளில் பிறக்கிறது, அந்த நிலைமைகளை உருவாக்கிய தலைமைக்கே பெயர் உரியது என்று விளக்கினேன். கூடவே இரண்டு கோரிக்கை: கொட்டுக்காரிக்கு நடு இடம், கேலிக்குத் தடை. கடைத்தெருவில் படி எடுத்து, ஞாயிற்றுக்கிழமை மதுக்கடை வாசலில் நின்று, உள்ளே வந்த ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். இந்தக் குளிரில், கோட்டு இல்லாமல், கை நடுங்காமல் கொடுத்தேன்.

நோரா அதை மேசையில் வைத்து முழுக்கச் சத்தமாகப் படித்தார். ஒரு வார்த்தை விடவில்லை. கீரன் குழலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். படித்து முடித்ததும் அந்த அம்மாள் பேனாவை நீட்டினார். என்ன என்றேன். கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். எழுந்து போய்க் கடையின் அறிவிப்புப் பலகையில் குண்டூசியால் குத்திவிட்டார். பூனை காணவில்லை என்ற தாளுக்கும் யோகா வகுப்புக்கும் நடுவில். அந்த வாரம் முழுக்க வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று படித்தார்கள். பூனையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. தாளைக் குத்திய அன்றைக்கே கனலின் நாற்காலியைக் கழிப்பறைக் கதவிலிருந்து நகர்த்தி நோராவுக்குப் பக்கத்தில் போட்டார்கள். கேலி மட்டும் நிற்கவில்லை. "இனி கனாலைக் கேலி பண்ண எழுத்து மூலமா அனுமதி வாங்கணும்" என்று கீரன் சொன்னான். இரண்டாவது கோரிக்கை வென்றது, மூன்றாவது பேச்சுவார்த்தையில் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். பெயர் விஷயம் சனிக்கிழமை.

சனிக்கிழமை மதியம் ஊர் நூலகத்தின் மேல்மாடி. அங்கே நாற்காலி போட்டிருந்தார்கள், மைக் இருந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நூறு பேர் இருப்பார்கள். அவள் வகுப்புப் பிள்ளைகள், மதுக்கடைக்காரர், தபால் கொடுப்பவர் எல்லோரும். நான் இஸ்திரி போட்ட வேட்டி. முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்து, கூப்பிட்டால் என்ன பேசுவது என்று மனதுக்குள் அமைத்து வைத்திருந்தேன். இரண்டு நிமிஷம்தான். இவர்கள் சீக்கிரம் கைதட்டிவிடுவார்கள் என்று தெரியும்.

மெட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அது யாரிடமிருந்து வந்தது என்று நோரா சொன்னார். கடைசி மெட்டு. கனல் அறைக் கணப்பருகில் காய வைத்திருந்த கொட்டை எடுத்து வந்து உட்கார்ந்தாள். நோரா மைக்கைப் பிடித்து ஏதோ சொல்ல, ஜனம் சிரித்தது. பக்கத்திலிருந்த அவள் மாணவி ஒருத்தி ஒரு தாளில் இங்கிலீஷில் எழுதிக் காட்டினாள். இந்த மெட்டின் பெயரை இசைத்தட்டின் அட்டையில் தமிழ் எழுத்தில் மட்டும் அச்சடித்திருக்கிறார்களாம். இங்கிலீஷ் எழுத்தில் போட்டால் ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லிக் கெடுத்துவிடுவார்கள் என்று கனால் பிடிவாதம் பிடித்தாளாம். ஒரு வாரமாக நோரா சொல்லிப் பழகினாராம், தொண்டையில் மீன் முள் சிக்கியவர் மாதிரி வருகிறதாம். அதனால் கனாலின் அப்பா வந்து வாசித்துக் கொடுக்க வேண்டும் என்று நோரா கேட்டுக்கொள்கிறாராம்.

பார், என் கையாலேயே. அதாவது என் வாயாலேயே. நான் எழுந்தேன். துண்டைத் தோளில் போட்டேன். மேடைக்குப் போக எனக்கு யாரும் வழி காட்ட வேண்டியதில்லை.

நோரா அட்டையைக் கையில் கொடுத்தார். கடலும் பாசியும் படம் போட்டிருந்தது. பின்பக்கம் மெட்டுகளின் பெயர்கள், எல்லாம் இங்கிலீஷ், கடைசி வரி தமிழ். தடித்த எழுத்து.

பார்த்தேன். யாரென்று பிடிபடவில்லை. அச்சகத்துக்காரன் எவனோ தப்பாகப் போட்டுவிட்டான் என்றே நினைத்தேன், இந்த ஊர் அச்சகத்தானுக்குத் தமிழ் தெரியுமா என்ன. கனலைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தோலைப் பார்த்துக்கொண்டே, மைக்கில் விழாத குரலில், "கொட்டு அடிக்கிறவர்ப்பா" என்றாள்.

இருபத்தைந்து வருஷம் எனக்கு முன்னால் நடந்தவர். எனக்குப் பெயர் தெரியாது. நீ அப்படிப் பார்க்காதே. அதில் ஒரு கொள்கை இருக்கிறது. நாங்கள் எல்லோரையும் தோழர் என்றே கூப்பிட்டோம். பெயரைக் கேட்டால் அடுத்து ஊரைக் கேட்கத் தோன்றும், ஊரைக் கேட்டால் தெருவைக் கேட்கத் தோன்றும். அந்த வழியே வேண்டாம் என்றுதான் கேட்காமல் விட்டது. அவரைத் தோழர் என்றுகூட இல்லை, 'கொட்டு' என்போம். "கொட்டு வந்தாச்சா, ஊர்வலம் கிளம்பலாமா?" என்போம். அது பிரியத்தில் கூப்பிடுவது.

அந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றேன். மைக் என் கையில். நூறு பேர். தமிழ் படிக்கத் தெரிந்தது இரண்டு பேருக்கு. நான் என்ன சொன்னாலும் அதுதான் அந்த மெட்டின் பெயர், அம்மா. அந்தக் கொள்கை எப்படிப்பட்டது என்று சொன்னேனே, இந்த ஊர் இருக்கும்வரை, வாசிக்கிறவன் எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்லியாக வேண்டும். ஆத்திமுத்து என்றாலும் ஆறு எழுத்துதான். கனல் என்னை மறுத்து நூறு பேர் முன்னால் எழுந்திருக்க மாட்டாள். அவளை எனக்குத் தெரியும். அவள் கட்டையைப் பிடித்திருந்த விரல் வெளுத்துப்போயிருந்தது. அது எனக்குத் தெரிகிற தூரம்தான்.

நான் துண்டறிக்கைக்காரன். அச்சில் ஒன்று இருக்க, வாயில் வேறொன்று படிக்கிறவன் இல்லை. அதற்காகத்தான் படித்தேன், வேறு எதற்கும் இல்லை.

படித்தேன். நோரா காதில் கை வைத்துக் காட்டினார். சத்தம் போதவில்லையாம். என் குரலைப் பார்த்துச் சத்தம் போதவில்லை என்று இந்த எழுபத்துமூன்று வயதுவரை யாரும் சொன்னதில்லை. மறுபடியும் படித்தேன். இந்த முறை அந்த அம்மாள் கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினார், எல்லோரும் சொல்லிப் பழகட்டும் என்று. மைக்கை அவரிடமே கொடுத்துவிட்டேன். மைக் இல்லாமல்தான் நான் துறைமுக வாசலில் ஐயாயிரம் பேருக்குக் கேட்கும்படி கோஷம் எழுப்பினவன். வலது கை தானாக மேலே போயிற்று. அடிவயிற்றிலிருந்து எழுப்பினேன். மாணவப் பிள்ளைகள், மதுக்கடைக்காரர், தபால்காரர், கீரன், அத்தனை பேரும் எழுந்து நின்று, ஓர் எழுத்துப் பிசகாமல் எனக்குத் திருப்பிச் சொன்னார்கள்:

"மாசானமுத்து."